முதல் வேலையா, நாலாவது வேலையா?

எங்கள் கோவில்பட்டியில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சம் கிடையாது, மழைக்குத்தான் உண்டு. தீப்பெட்டி ஆபீசுக்கு ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேர், மின்சார ஆபீசில் மட்டும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். இன்னொருவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் என் கதையை வாசித்துவிட்டு ‘நல்ல முயற்சி’ என்று சொல்லிவிட்டார்.

இத்தனை பேருக்கும் சேர்த்து ஊரில் எடிட்டர் என்று இருந்தவர் ஒரே ஒருவர்தான். ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு மாடி வீடு. வயது நாற்பத்தைந்து இருக்கும். கணவர் நூற்பாலையில் சூப்பர்வைசர். சென்னைப் பதிப்பகங்களிலிருந்து இவருக்குக் கூரியரில் கட்டுக்கட்டாகத் தாள் வரும், மின்னஞ்சலிலும் வரும். எதில் வந்தாலும் பிரிண்ட் எடுத்து, பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டுதான் உட்காருவார். நாங்கள் எல்லோரும் அவரை ‘மேடம்’ என்போம். பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எழுதப்போவதில்லை. நன்றியுரையில் யாராவது அவர் பெயரைச் சேர்த்திருந்தால் முதல் வேலையாக அதைத்தான் அடிப்பார். இப்போது அவர் ஊரில் இல்லை, கணவருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை மாறிப் போய்விட்டார்கள். இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொண்டுபோனாலும் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, “என்ன வேலை வேணும்?” என்று கேட்பார். வந்தவர் விழிப்பார். எழுத்தாளன் எடிட்டரிடம் வருவது எதற்கு? பாராட்டு வாங்கத்தான். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாதே. “சும்மா ஒரு பார்வை பாத்துக் குடுங்க” என்பார்.

“பார்வைன்னு ஒரு வேலை என்கிட்ட இல்லை. நாலு வேலைதான் இருக்கு. எதுன்னு சொல்லுங்க.”

பிறகு அந்த நாலு வேலையையும் விளக்குவார். நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். “தையக்கடைக்குப் போறீங்க. துணியை அளந்து வெட்டுறது ஒரு வேலை. தைக்கிறது ஒரு வேலை. காஜா எடுத்துப் பித்தான் கட்டுறது ஒரு வேலை. இஸ்திரி போடுறது கடைசி வேலை. இங்கனயும் அப்படித்தான். முதல் வேலை, புத்தகத்தையே வெட்டிப் பாக்குறது. எங்க ஆரம்பிக்கணும், எது வேண்டாம், யாரு இல்லாமப் போயிட்டா, இதெல்லாம் பாப்பேன். ரெண்டாவது, ஒவ்வொரு வாக்கியமா ஓட்டம் பாக்குறது. மூணாவது, ஒப்புமை பாக்குறது. ஒண்ணாம் அத்தியாயத்துல அத்தைக்கு மூக்குத்தி இடப்பக்கம் இருந்தா ஒம்பதாவதுலயும் இடப்பக்கம்தான் இருக்கணும். நாலாவது, மெய்ப்பு. அச்சுக்குப் போறதுக்கு முன்னால எழுத்து, புள்ளி, பக்க எண் பாக்குறது. இஸ்திரி போட்ட சட்டையைக் கொண்டாந்து கை நீளத்தை மாத்தச் சொன்னா என்னால ஆகாது.”

சொல்லி முடித்துவிட்டு ஒரு கோடு போட்ட நோட்டை நகர்த்துவார். எந்த வேலை வேண்டும் என்று நம் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரப்பதிவு ஆபீசில்கூட இவ்வளவு கெடுபிடி கிடையாது. எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் ஒரு புள்ளியும் தொடமாட்டார், அதற்குக் கீழ் ஒரு புள்ளியும் விடமாட்டார். முதல் வேலை வேண்டாம் என்றாலும் அதில் ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் ஒரே ஒரு தடவை வாயால் சொல்வார். இரண்டாம் தடவை கிடையாது.

அந்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்திருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ‘நாலாவது வேலை மட்டும் போதும்’, ‘மெய்ப்பு மட்டும்’, ‘எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதுமானது’. எங்கள் ஊர் இலக்கியத்துக்கு எழுத்துப் பிழையைத் தவிர வேறு குறையே கிடையாது என்பதற்கு அந்த நோட்டுதான் ஆதாரம்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் முந்நூறு கவிதைகளோடு வந்தார். அவருக்கும் மெய்ப்பு மட்டும்தான். புத்தகம் வெளிவந்தது. ஒரு கவிதையில் சித்திரை மாதம் முழுக்கப் புதூர்ப் பக்கம் அடைமழை பெய்துகொண்டிருந்தது. புதூர்க்காரர்கள் கார்த்திகையிலேயே வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். வெளியீட்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து இது எந்த வருஷம் என்று கேட்டுவிட்டார். தலைமையாசிரியர் நேராக மாடிக்கு வந்து சண்டை போட்டார். மேடம் அந்தப் பக்கத்தை எடுத்து, தான் போட்ட ஒரு காற்புள்ளியைக் காட்டினார். “நான் பாத்தது இது சார். மழை நீங்க பெய்ய வச்சது. நான் எப்படி நிப்பாட்டுவேன்?”

வேறொருவர் நூற்பாலை ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சுயசரிதை எழுதியிருந்தார். விவரமான மனிதர், இரண்டாவது வேலையை எழுதிக் கொடுத்தார். மேடம் வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து தூசி தட்டினார். அவர் எழுதியிருந்தது இப்படி: ‘பல்வேறு சூழல்களின் அழுத்தத்தால் கனத்த இதயத்தோடு சில முடிவுகள் எட்டப்பட வேண்டியதாயிற்று.’ அடுத்த பக்கத்தில் அவரே போட்டிருந்த கணக்கை வைத்து மேடம் திருத்தியது இப்படி: ‘நாற்பது பேரை நான் வேலையை விட்டு நிறுத்தினேன்.’ அவர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். பிறகு, “பழையபடியே இருக்கட்டும்மா, அதுல ஒரு இலக்கிய நயம் இருக்கு” என்றார். மேடம் ரப்பரை எடுத்து அழித்துக் கொடுத்தார்.

இன்னொரு ஆள், பெங்களூரில் கணினி வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு வந்தவர், “இப்பத்தான் செயலி வந்திருச்சே மேடம், ஒரு நிமிஷத்துல அதுவே திருத்திருது” என்றார். மேடம் கோபப்படவில்லை. “நல்லதுதானே. அதுக்கிட்டயும் என்ன வேலைன்னு சொல்லணும்லா?” என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு முதல் வேலையை எழுதிக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அதைத் தானாகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். நாவல் தொண்ணூற்று நாலாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது என்று மேடம் சொன்னார். இரண்டு மாதம் ஆளைக் காணோம். மூன்றாம் மாதம் தொண்ணூற்று மூன்று பக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒரு பாக்கெட் கடலைமிட்டாயோடு வந்து நின்றார். எனக்கு அந்த ஆள்மேல் இன்றுவரை பொறாமைதான்.

மேடம் இந்தத் தொழிலை எங்கே படித்தார் என்று ஒருநாள் கேட்டேன். கல்லூரியில் இல்லையாம். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் ஒரு அச்சாபீசில் கல்யாணப் பத்திரிகை மெய்ப்புப் பார்த்திருக்கிறார். “பத்திரிகையில எழுத்துப் பிழை இருந்தா சிரிச்சுக்கிட்டே கல்யாணத்துக்கு வந்துருவாவ அண்ணாச்சி. ஒரு சித்தப்பா பேரு விட்டுப் போச்சுன்னா பந்தல் பக்கமே வரமாட்டாவ. நான் முதல்ல எழுத்தைப் பாக்க மாட்டேன். விட்டுப்போன ஆளு யாருன்னு பாப்பேன்” என்றார். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். அடுத்தவருக்கு நடப்பதைக் கேட்பதென்றால் நல்ல சுவாரசியம்தான்.

பிறகு என் முறை வந்தது.

எங்கள் அப்பாவைப் பற்றி நானூற்று எண்பது பக்கத்தில் ஒரு நாவல் எழுதியிருந்தேன். புதூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மானாவாரிக் காட்டோடு மல்லுக்கட்டி வாழ்ந்த மனிதர். நாவலின் பெயர் ‘வெடித்த நிலத்தின் வேந்தன்’. இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அப்போது அந்தப் பெயருக்காகவே எனக்கு ஒரு விருது தரலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் முறைப்படி எல்லாவற்றையும் செய்தேன். அதாவது, முதலில் மண்டபம் பிடித்தேன். அடுத்து சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்கினேன். பிறகு அழைப்பிதழ் அடித்தேன், என் படம் போட்டு ஃப்ளெக்ஸ் கட்டச் சொன்னேன். இவ்வளவும் முடிந்த பிறகு நாவலை எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுப் படியேறினேன். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அழைப்பிதழ் வீடு வீடாகப் போய்விடும், புத்தகம் அப்போதும் எடிட்டர் மேசையில் இருக்கும். எடிட்டரால் அதற்குமேல் பெரிதாக என்ன செய்துவிட முடியும் என்பது உள்ளூர இருக்கும் தைரியம்.

பெரிய கட்டாக இருந்தால் மட்டும் மேடம் என்ன வேலை என்று கேட்பதற்கு முன் நாலைந்து நாள் வைத்துப் புரட்டிப் பார்ப்பார். என்னைக் கூப்பிட்டு விட்டார். போனேன். தாள்கட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணாச்சி, பதினாலாவது அத்தியாயத்துல அப்பா காட்டுல விழுந்துருதாரு. கை கால் வரல. இருபதாவது அத்தியாயத்துல இறந்துருதாரு. நடுவுல ஆறு வருஷம் ஓடுது. அந்த ஆறு வருஷமும் அவருக்குச் சோறு யாரு குடுத்தது?”

எனக்குச் சுரீர் என்றது. அந்த ஆறு அத்தியாயத்தில் அப்பா படுக்கையில் கிடந்தபடியே மழையைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் மனிதகுலத்தைப் பற்றியும் சிந்தித்துக்கொண்டிருப்பார். மகன் மதுரையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்த மகன் நான், அப்போது எனக்கு மதுரையில் வேலை. உண்மையில் நான் வந்தது பொங்கலுக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும்தான்.

“அதெல்லாம் கதைக்கு வேண்டாம்னு விட்டுட்டேன் மேடம்.”

“படுத்துக் கெடந்த மனுசன் பக்கத்துல ஒரு ஆளு இருந்திருக்கணும்லா? குளிப்பாட்டணும், துணி மாத்தணும். அந்த ஆளைத் தேடித் தேடிப் பாத்தேன், காணோம். இந்தப் புத்தகத்துக்கு வேண்டியது முதல் வேலை.”

அந்த ஆள் என் அக்கா. அதே ஊரில் வாக்கப்பட்டவள். ஆடு மேய்த்துக்கொண்டு, தன் வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஆறு வருஷம் அப்பாவையும் பார்த்தவள். அவளை ஏன் எழுதவில்லை? எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அவள் பக்கத்தில் நான் ரொம்பச் சின்னவனாகத் தெரிந்தேன். வேந்தனின் மகன் சின்னவனாகத் தெரியலாமா? எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அத்தியாயம் நன்றாகத்தான் ஓடியது.

இதையெல்லாம் மேடத்திடம் சொல்வேனா? அழைப்பிதழை எடுத்து மேசைமேல் வைத்தேன். “தேதி குறிச்சாச்சு மேடம். எழுத்துப் பிழை மட்டும் பாருங்க.”

மேடம் அழைப்பிதழை முன்னும் பின்னும் திருப்பி வாசித்தார். “இதுல பிழை இல்லை” என்றார். பிறகு நோட்டை நகர்த்தினார். ‘மெய்ப்பு மட்டும் போதும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறம் அந்த விட்டுப்போன ஆளைப் பற்றி மேடம் ஒரு சொல் பேசவில்லை.

விழா அமர்க்களமாக நடந்தது. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார், அதில் நாற்பது நிமிஷம் அவருடைய நாவலைப் பற்றி. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோடு ஒப்பிட்டு மிச்ச ஐந்து நிமிஷம் என்னையும் கவனித்தார். அக்கா முதல் பஸ்சிலேயே வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் கைதட்டும்போது அவளும் தட்டினாள். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியை முந்தானையால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு சாயந்தர பஸ்சில் போய்விட்டாள். எட்டாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நானூற்று எண்பது பக்கத்தை எங்கே வாசிக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

“ஏலே, ஒம் புத்தகத்த வாசிச்சு முடிச்சிட்டேன்.”

“எப்படிக்கா இருக்கு?”

“நல்லாத்தான் எழுதிருக்க. அப்பா அப்படியே கண்ணுக்குள்ள நிக்காரு.” பின்னால் ஆட்டுச் சத்தம் கேட்டது. “அப்பா கெடையில கெடந்த பக்கத்த மட்டும் ரெண்டு தரம் வாசிச்சேன். அப்போ நான் எங்கலே போயிருந்தேன்?”

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். தனக்குத்தான் ஏதோ புரியவில்லை, தம்பி எழுதியதில் காரணம் இருக்கும் என்ற குரல் அது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்குப் பட்ட அளவு வெட்கத்தை நான் வாழ்நாளில் வேறெப்போதும் பட்டதில்லை.

மறுநாள் மேடம் வீட்டுக்குப் போனேன். போகிற வழியிலேயே பழியை யார் தலையில் இறக்குவது என்று முடிவு செய்துவிட்டேன். “நீங்களாவது கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் மேடம்.”

மேடம் நோட்டைத் திறந்து என் கையெழுத்து இருக்கிற பக்கத்தைக் காட்டினார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “இப்ப என்ன வேலை வேணும் அண்ணாச்சி?”

இரண்டாம் பதிப்பு போடப்போவதாகச் சொன்னேன். முதல் பதிப்பில் முக்கால்வாசி என் கட்டிலுக்கடியில்தான் இருந்தது என்பது வேறு விஷயம். ‘முதல் வேலை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் உட்கார்ந்து அக்காவுக்கு மூன்று பக்கம் எழுதினேன். உயிரைக் கொடுத்து எழுதினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் அக்கா பொறுமையில் பூமாதேவியாக இருந்தாள். கண்ணீர் துளிர்க்கத் துளிர்க்கக் கஞ்சி ஊட்டினாள். ஒரு முகச்சுளிப்பு இல்லை, ஒரு கடுஞ்சொல் இல்லை. எழுதி முடித்து நானே அழுதேன்.

மேடம் வாசித்துவிட்டு, “இத அவிய வாசிச்சாவளா?” என்று கேட்டார்.

“இல்லை, புத்தகமா வந்தப்புறம் குடுக்கலாம்னு.”

“மறுபடியுமா?” என்றார் மேடம். பிறகு எழுந்து கைப்பையை எடுத்தார். “முதல் வேலைன்னு எழுதியிருக்கீங்கள்ளா. ஆளு வந்துட்டாவளா இல்லையான்னு அவியளப் பாத்தாத்தான் எனக்குத் தெரியும். நானும் வாரேன்.”

புதூர் பஸ்சில் ஜன்னலோரம் மேடம், இந்தப் பக்கம் மடியில் மூன்று பக்கத்தோடு நான். ரோட்டின் இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் ஒரு மழைக்காக நின்றுகொண்டிருந்தன. மேடம் வழியெல்லாம் வேடிக்கைதான் பார்த்தார். பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி நான் அந்தத் தாள்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா ஆட்டுக் கிடைப் பக்கம் வேப்பமர நிழலில் இருந்தாள். ஒரு குட்டிக்குப் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “புத்தகத்தத் திருத்துற மேடம்” என்று அறிமுகப்படுத்தினேன். “வாங்கம்மா, இருங்க” என்று சாக்கை உதறிப் போட்டாள். நான் வாசிக்க ஆரம்பித்தேன். குரலில் நல்ல ஏற்ற இறக்கம் வைத்து, பூமாதேவி வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசித்தேன். அக்கா குட்டியிடமிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

முடித்ததும் கேட்டாள். “இது யாருலே?”

“நீதாங்க்கா.”

“நான் எங்கலே அழுதேன்? அழ நேரம் ஏது எனக்கு? நான் அவர ஏசிக்கிட்டேதான் செஞ்சேன். விடிஞ்சா ஏசுவேன், கஞ்சி குடுக்கும்போது ஏசுவேன், துணி மாத்தும்போது ஏசுவேன். இவ யாரோ மகராசி. இவளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல.”

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என் கையிலிருந்து அந்த மூன்று பக்கத்தையும் வாங்கினார். என்ன வேலை வேணும் என்று கேட்கவில்லை. நோட்டையும் எடுக்கவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்து, முதல் பக்கத்தில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரே கோடு. இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம், அதே மாதிரி. முதல் வேலையில்கூட வெட்டச் சொல்வாரே தவிர, யாரும் கேட்காமல் அவரே வெட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை என் மடியில் வைத்து, பென்சிலையும் என்னிடம் கொடுத்தார்.

“எழுதுங்க அண்ணாச்சி. அவிய சொல்லுதாவ.” அக்கா பக்கம் திரும்பி, “என்ன சொல்லி ஏசுவீங்க?” என்று கேட்டார்.

அக்கா குட்டியைக் கீழே இறக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள். “என்னத்தச் சொல்ல, தெனமும் ஒண்ணுதாம்மா. ‘எப்பா, வாயத் தொற. ஒம் மவன் மதுரையிலருந்து வந்து ஊட்டுவான்னு பாத்துக்கிட்டே கெடக்காத. அவன் பொங்கலுக்கு வருவான், பக்கத்துல நின்னு போட்டோ எடுப்பான், போயிருவான். அவன் வரமாட்டாம்ப்பா. நீ குடி.’ இப்படிச் சொன்னாத்தான் குடிப்பாரு.”

பென்சில் என் கையிலேயே நின்றது.

“வேகமாச் சொல்லிட்டனோ?” என்று அக்கா கேட்டாள். பிறகு எனக்காக, முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.